அழுத்தப் பிழை 2 சதவீதம்தான்; இழுவை மட்டும் ஏன் இப்படித் தப்புகிறது?

சாய்கோணம் (தொடக்கப் பதிவு)

வணக்கம். ஆறு மாதமாக ஒரு பதிலி மாதிரியோடு (நீண்ட கணக்கீட்டுக்குப் பதிலாக விடையைச் சட்டென்று கணித்துச் சொல்லும் நியூரல் நெட்வொர்க்) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏர்ஃபாயிலின் (இறக்கையின் குறுக்குவெட்டு) வடிவம், தாக்குகோணம் (காற்றுக்கு அது சாய்ந்திருக்கும் கோணம்), ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் அளவையும் பிசுக்குமையோடு ஒப்பிடும் எண்) ஆகிய மூன்றையும் கொடுத்தால், மேற்பரப்பில் 200 புள்ளிகளில் அழுத்தக் கெழுவையும் பரப்பு உராய்வுக் கெழுவையும் அது சொல்ல வேண்டும். பயிற்சித் தரவு முழுக்க நானே ஓட்டிய இருபரிமாண ரான்ஸ் கணக்கீடுகள் (கொந்தளிப்பைச் சராசரியாக்கி ஓட்டத்தைத் தீர்ப்பவை). நாகா நான்கிலக்க, ஐந்திலக்க வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் பல தாக்குகோணங்கள். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் பிரித்தேன்.

அழுத்தக் கெழுவில் சராசரிப் பிழை 2 சதவீதம். வரைபடத்தில் உண்மைக் கோட்டையும் மாதிரியின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரிகின்றன. ஏற்றுவிசையும் அழகாக வருகிறது. ஆனால் அதே அழுத்தத்தைத் தொகையிட்டு இழுவையை (காற்றின் எதிர்ப்பு விசையை) கணக்கிட்டால் மானம் போகிறது. பல இடங்களில் இரண்டு மடங்கு. அதிகக் கோணங்களில் சில இடங்களில் எதிர்மறை. காற்று இறக்கையை முன்னோக்கித் தள்ளுகிறது என்று சொல்லும் மாதிரியை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

இதோடு கட்டுரையை அனுப்பிவிடலாம் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மெஷ்காரர்

அனுப்பாமல் நிறுத்தி வைத்தது நல்ல காரியம். நெட்வொர்க்கைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள்.

முதலாவது: மாதிரியின் கணிப்பை விடுங்கள். ரான்ஸ் தந்த உண்மையான அழுத்தத்தையும் உராய்வையும் அதே 200 புள்ளிகளில் எடுத்து, அதே நிரலால் தொகையிட்டுப் பாருங்கள். தீர்வி (ரான்ஸைக் கணக்கிடும் மென்பொருள்) தன் வாயால் சொன்ன இழுவை திரும்பக் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் உங்கள் சிக்கலில் ஒரு பகுதிக்கும் இயந்திரக் கற்றலுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது: "கலைத்துப் போட்டு" என்றீர்கள். அப்படியானால் நாகா 2412 வடிவம் 4 பாகையில் பயிற்சியிலும், அதே நாகா 2412 வடிவம் 5 பாகையில் சோதனையிலும் இருக்கும். இரண்டு பக்கத்து விடைகளுக்கு நடுவே கோடு போடுவதைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள். வடிவத்தின்படி பிரியுங்கள். சோதனைக்குப் போகும் வடிவம் எந்தக் கோணத்திலும், எந்த ரெனால்ட்ஸ் எண்ணிலும் பயிற்சிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

---

எல்லைப்படலம்

மெஷ்காரர் சொன்ன இரண்டும் சரி. ஆனால் அவை இரண்டையும் திருத்திய பிறகும் இழுவை தப்பும். அது ஏன் என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

நாகா 0012 வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ரெனால்ட்ஸ் எண் 60 லட்சம், தாக்குகோணம் சுழியம், முழுக்கக் கொந்தளிப்பான எல்லைப்படலம் (பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு). மொத்த இழுவைக் கெழு சுமார் 0.0081. அதில் பெரும்பங்கு உராய்வு. அழுத்தத்தின் பங்கு சிறியது. இப்போது உங்கள் மாதிரி, முன்விளிம்பிலிருந்து அதிகபட்சத் தடிமன் வரை, மேலும் கீழும், அழுத்தக் கெழுவை வெறும் 0.01 தவறாகச் சொல்கிறது என்று வையுங்கள். முன்னோக்கி இருக்கும் பரப்பின் உயரம், நாணின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான கோடு) நீளத்தில் 0.12. பெருக்கினால் 0.0012. அதாவது இழுவையில் ஏறக்குறைய 15 சதவீதப் பிழை. ஏற்றுவிசையிலோ அந்தப் பிழை தெரியவே தெரியாது. மேலும் கீழும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இனி 10 பாகைக்கு வாருங்கள். ஏற்றுவிசைக் கெழு 1.09, இழுவை 0.0123 அளவில் இருக்கும். நாணுக்குச் செங்குத்தான விசையின் கெழு சுமார் 1.08. அதை 10 பாகையின் சைனால் பெருக்கினால் 0.187 பின்னோக்கி இழுக்கிறது. நாணின் திசையிலான விசையோ முன்விளிம்பு உறிஞ்சலால் முன்னோக்கி இழுக்கிறது. அதன் பங்கு 0.175. இந்த இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம்தான் உங்கள் இழுவை. முதல் எண்ணில் 1 சதவீதம் பிசகினால் இழுவையில் 15 சதவீதம் பிசகும். இரண்டாவது எண் ஏறக்குறைய முழுவதும் முன்விளிம்பின் உறிஞ்சல் உச்சியிலிருந்து வருகிறது. அந்த உச்சியை உங்கள் மாதிரி 7 சதவீதம் மிகைப்படுத்தினால் போதும், இழுவை எதிர்மறையாகிவிடும்.

பிசுக்குமை இல்லாத பாய்மத்தில் இழுவையே இல்லை என்று டாலம்பர் 1752-இல் காட்டிய முரண் நினைவிருக்கிறதா? ஒட்டிச் செல்லும் ஓட்டத்தில் அழுத்தம் இன்றும் அந்தச் சுழியத்தின் அருகேதான் நிற்கிறது. சுழியத்தின் அருகே நிற்கும் மிச்சத்தைச் சராசரிப் பிழை பார்த்துப் பயிற்றிய மாதிரியிடம் கேட்கிறோம்.

---

சாய்கோணம்

எல்லைப்படலம் அவர்களுக்கு நன்றி. அந்த 0.187, 0.175 கணக்கை என் தரவிலேயே போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

மெஷ்காரர் ஐயா, உங்கள் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். உண்மை அழுத்தத்தைத் தொகையிட்டாலும் தீர்வியின் இழுவை வரவில்லை. என் 200 புள்ளிகள் நாண் நெடுக, மேலே 100, கீழே 100 என்று சம இடைவெளியில் இருந்தன. பிழையின் ஒரு நல்ல பங்கு இங்கேயே இருந்திருக்கிறது. வடிவத்தின்படி பிரித்து மறுபடி பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

---

முன்விளிம்பு

சம இடைவெளி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தத் துறையில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

நாகா 0012 வடிவத்தின் முன்விளிம்பு வளைவு ஆரம் நாண் நீளத்தில் 1.6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் புள்ளிகள் ஒவ்வொரு பக்கமும் 1 சதவீத இடைவெளியில் நிற்கின்றன. 10 பாகையில் அந்த மூக்கின் மேல் என்ன நடக்கிறது என்று ஒரு கணம் நிதானமாகப் பாருங்கள். தேக்கப்புள்ளி, அதாவது காற்று மோதி நிற்கும் இடம், நாணுக்குக் கீழே நழுவியிருக்கிறது. அங்கே அழுத்தக் கெழு 1. அங்கிருந்து கிளம்பும் காற்று மூக்கைச் சுற்றி ஏறி, மேற்பக்கம் திரும்புவதற்குள் கெழு −5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த இறக்கமும் அதன் பிறகான மீட்சியின் தொடக்கமும் நாணின் முதல் 2 சதவீதத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அங்கே உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று புள்ளிகள். உச்சி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால், அது இருந்ததே மாதிரிக்குத் தெரியாது.

கொசைன் இடைவெளிக்கு (இரு விளிம்புகளிலும் புள்ளிகள் நெருங்கி நிற்கும் முறை) மாறுங்கள். அதே 100 பிரிவுகளை வைத்தே முதல் இடைவெளி நாணில் 0.025 சதவீதம் ஆகிவிடும். நாற்பது மடங்கு நெருக்கம், கூடுதல் செலவு எதுவும் இல்லை. நெட்வொர்க்குக்குள் கொடுக்கும் ஆயமும் நாண் தூரமாக இருக்க வேண்டாம். முன்விளிம்பிலிருந்து பரப்பின் மேலாக அளந்த வில் நீளமாக இருக்கட்டும். மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே தொடர்ச்சியான கோடாகிவிடும். தேக்கப்புள்ளி நகர்வது அப்போது ஒரு மென்மையான நகர்வு. நாண் தூரத்தில் அது மூக்கைத் தாண்டும்போது தாவுகிறது.

இன்னொன்று. அழுத்தத்தை அப்படியே கற்பிக்கிறீர்களா, கெழுவாக்கிக் கற்பிக்கிறீர்களா? ரெனால்ட்ஸ் எண்ணை வேகத்தை மாற்றி மாற்றியிருந்தால், 20 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் நடுவே அழுத்தத்தின் அளவு ஒன்பது மடங்கு விரிகிறது. அதைக் கற்பதிலேயே நெட்வொர்க்கின் பலம் போய்விடும்.

---

வலையன்

எல்லோரும் தரவையே பேசுகிறீர்கள். சாய்கோணம் பயன்படுத்துவது சாதாரணப் பல்லடுக்கு நெட்வொர்க் என்று நினைக்கிறேன். கிராஃப் நெட்வொர்க் (புள்ளிகளையும் அவற்றின் இணைப்புகளையும் வைத்துக் கற்பது) அல்லது ஃபூரியே நியூரல் ஆபரேட்டர் (அலைகளாகப் பிரித்துக் கற்பது) வகைக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும். டீப்மைண்ட் குழுவின் மெஷ்கிராஃப்நெட்ஸ், ஒழுங்கற்ற மெஷ்ஷின் (கணக்கீட்டு வலையின்) மேலேயே ஏர்ஃபாயில் ஓட்டத்தைக் கற்றுக் காட்டியது. மெஷ் முன்விளிம்பில் நெருக்கமாக இருப்பதால் நீங்கள் சொல்லும் நெருக்கமும் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு நல்ல கட்டமைப்பு இருக்கும்போது இத்தனை கைவேலை தேவையா?

---

எல்லைப்படலம்

வலையன், கட்டமைப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இழுவையின் கணக்கு கட்டமைப்பைப் பார்த்து இரங்காது.

ஏர்ஃப்ரான்ஸ் தரவுத்தொகுதியை எடுத்துப் பாருங்கள். 2022-இல் வெளிவந்தது. 1000 ரான்ஸ் கணக்கீடுகள், நாகா நான்கிலக்க, ஐந்திலக்க வடிவங்கள், ரெனால்ட்ஸ் எண் 20 லட்சம் முதல் 60 லட்சம் வரை, தாக்குகோணம் −5 முதல் 15 பாகை வரை. ஏறக்குறைய சாய்கோணம் செய்வதேதான். அந்தக் கட்டுரையில் கிராஃப் நெட்வொர்க்குகளும் இருந்தன, எளிய நெட்வொர்க்கும் இருந்தது. ஏற்றுவிசையின் வரிசையை மாதிரிகள் நன்றாகப் பிடித்தன. இழுவையில் எல்லாமே தடுமாறின. எனக்கு அந்த வேலையில் மிகவும் பிடித்தது, ஆசிரியர்கள் இதை மறைக்காமல் விசைக் கெழுக்களைத் தனியே அளந்து முன்னால் வைத்ததுதான். ரெனால்ட்ஸ் எண்ணிலும் தாக்குகோணத்திலும் பயிற்சி எல்லைக்கு வெளியே போனால் என்ன ஆகிறது என்பதற்கும் தனித்தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். பயிற்சித் தரவு 800-லிருந்து 200 ஆகக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று.

---

பழைய பேனல்

ஒரு கேள்வி, கோபத்தில் கேட்கவில்லை. எக்ஸ்ஃபாயில் நிரல் இருக்கும்போது இது எதற்கு?

எம்.ஐ.டி.யின் மார்க் ட்ரெலா 1986-இல் எழுதியது. பரப்பைச் சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடும் பேனல் முறையும் எல்லைப்படலத் தொகையீட்டுச் சமன்பாடுகளும் ஒன்றாகத் தீர்க்கப்படுகின்றன. குறைவேக ஓட்டத்தில், ஸ்டால் (ஓட்டம் பரப்பை விட்டுப் பிரிந்து ஏற்றுவிசை சரிவது) வராத வரை, ஒரு நொடிக்கும் குறைவில் அழுத்தப் பரவலும் இழுவையும் கைக்கு வந்துவிடும். மணிக்கணக்கில் ஓடும் ரான்ஸோடு ஒப்பிட்டு "ஆயிரம் மடங்கு வேகம்" என்று எழுதுகிறவர்கள், ஏன் எக்ஸ்ஃபாயிலோடு ஒப்பிடுவதில்லை? 2024-இல் மெக்கிரீவியும் ஹக்கிமும் இதைத்தான் எண்ணிப் பார்த்தார்கள். பாய்மச் சமன்பாடுகளை இயந்திரக் கற்றல் வழியாக வேகமாகத் தீர்த்ததாகச் சொன்ன 76 கட்டுரைகளில் 60, பலவீனமான முறையோடு தங்களை ஒப்பிட்டிருந்தன. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை உழைப்பு ஒழுங்கான ஓர் எதிராளியைச் சந்திக்காமலே போயிருக்கிறது.

---

மெஷ்காரர்

நியாயமான கேள்வி. என் பதில்: ஒற்றை ஏர்ஃபாயிலை ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபாயிலே போதும். பதிலி மாதிரி தேவைப்படுவது மூன்று இடங்களில் என்று நினைக்கிறேன். ஒலிவேகத்தை ஒட்டிய ஓட்டத்தில், அதிர்ச்சியலை நகரும் இடத்தில். லட்சக்கணக்கான முறை அழைக்க வேண்டிய வடிவ உகப்பாக்கத்தில் (சிறந்த வடிவத்தைத் தேடுவதில்). மேலும், வடிவத்தை இம்மி அசைத்தால் விடை எந்தப் பக்கம் அசையும் என்ற சரிவு வேண்டும்போது. எக்ஸ்ஃபாயில் சில புள்ளிகளில் ஒருங்காமல் (ஒரு விடையில் நிலைபெறாமல்) நின்றுவிடும். உகப்பாக்கியின் நடுவே அது நடந்தால் எல்லாம் நின்றுவிடும்.

நியூரல்ஃபாயில் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. எக்ஸ்ஃபாயில் ஓட்டங்களைப் பார்த்துக் கற்ற சிறிய நெட்வொர்க். விடையோடு சேர்த்து "இந்த விடையை எவ்வளவு நம்பலாம்" என்று ஓர் எண்ணையும் தருகிறது. எல்லாப் பதிலி மாதிரிகளும் அப்படித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

---

பழைய பேனல்

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சாய்கோணத்துக்கு என் பங்குக்கு ஒரு யோசனை. முழு அழுத்தத்தையும் நெட்வொர்க்கிடம் கேட்காதீர்கள். பிசுக்குமை இல்லாத பேனல் முறையை முதலில் ஓட்டுங்கள். அதற்கு ஆகும் நேரம் கண்ணிமைப்பொழுது. ரான்ஸ் விடைக்கும் பேனல் விடைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நெட்வொர்க் கற்கட்டும். தேக்கப்புள்ளி எங்கே, உறிஞ்சல் உச்சி எங்கே, எவ்வளவு கூர்மை என்பதெல்லாம் பேனல் விடையிலேயே இருக்கிறது. மிச்சம் இருப்பது எல்லைப்படலம் வடிவத்தைச் சற்றுத் தடிக்க வைப்பதன் விளைவு. அது மென்மையானது, கற்க எளிது. ஓட்டம் பிரிந்த பிறகு இந்த வித்தியாசமே பெரிதாகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

---

தரவுக்காவலர்

பிரிதல் என்றதும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கணக்கீடுகளில் ஒருங்காதவற்றை என்ன செய்தீர்கள்?

பெரும்பாலானவர்கள் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒருங்காத ஓட்டங்கள் தற்செயலாகச் சிதறிக் கிடப்பவை அல்ல. ஸ்டாலுக்கு அருகே கும்பலாக நிற்பவை. நிலைத்த ரான்ஸ் அங்கே ஒருங்காததற்குக் காரணம், ஓட்டமே அங்கே நிலைத்து நிற்பதில்லை. அவற்றை நீக்கினால், ஒழுங்காக நடந்துகொண்ட ஏர்ஃபாயில்கள் மட்டுமே உயர்கோணங்களில் தரவில் மிஞ்சும். மாதிரி ஸ்டாலையே பார்க்காமல் வளர்கிறது. 14 பாகையில் தடித்த வடிவமும் மெலிந்த வடிவமும் ஒன்றுபோல ஓட்டம் ஒட்டியே செல்வதாக நம்பிக்கையோடு சொல்லும்.

எத்தனை ஓட்டங்கள், எந்த வடிவத்தில், எந்தக் கோணத்தில் விடுபட்டன என்ற பட்டியலைப் பயிற்சித் தரவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். "இங்கே விடை இல்லை" என்பதையும் ஒரு விடையாக மாதிரிக்குக் கற்பிக்கலாம்.

---

சாய்கோணம்

தூக்கித்தான் போட்டிருந்தேன். பட்டியல் எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை 13 பாகைக்கு மேல். நீங்கள் சொல்லும்வரை அது ஒரு தேர்வு என்றே எனக்குத் தோன்றவில்லை.

வடிவத்தின்படி பிரித்த முடிவும் வந்துவிட்டது. அழுத்தப் பிழை 2 சதவீதத்திலிருந்து 5-ஐத் தாண்டிவிட்டது. பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆனால் இதுதான் என் மாதிரியின் உண்மையான உயரம்.

---

வலையன்

சாய்கோணம், உங்கள் பதிவைப் பார்த்த பிறகு என் பழைய மாதிரியையும் வடிவத்தின்படி பிரித்து ஓட்டினேன். அதிலும் பிழை ஏறியது. மேலே நான் எழுதியதை ஓரளவு திரும்பப் பெறுகிறேன். கட்டமைப்பை மாற்றியபோது கிடைத்ததாக நான் நினைத்த முன்னேற்றத்தில் பாதி, அதே வடிவத்தை மறுபடி பார்த்ததால் வந்தது.

---

எல்லைப்படலம்

சரி, இழுவைக்கு வருவோம். அழுத்தத்தைத் தொகையிட்டு இழுவை எடுப்பதைக் கைவிடுங்கள். எக்ஸ்ஃபாயிலே அப்படி எடுப்பதில்லை. அது பின்னோட்டத்தின் உந்தத் தடிமனை (காற்று இழந்த உந்தத்தின் அளவை) பார்க்கிறது, ஸ்கொயர்–யங் சூத்திரம். உந்தத் தடிமனை இரண்டால் பெருக்கி, விளிம்பு வேகத்துக்கும் தொலைவேகத்துக்குமான விகிதத்தை உரிய அடுக்குக்கு உயர்த்திப் பெருக்குவது. அந்த அடுக்கு, வடிவக் காரணியோடு (படலத்துக்குள் வேகம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்) 5-ஐக் கூட்டி இரண்டால் வகுத்தது. இங்கே எதுவும் எதனோடும் கழிபடுவதில்லை. உந்தத் தடிமனில் 3 சதவீதம் தப்பினால் இழுவையிலும் 3 சதவீதமே தப்பும். பின்விளிம்பில் உந்தத் தடிமன், வடிவக் காரணி, விளிம்பு வேகம் ஆகிய மூன்றையும் நெட்வொர்க்கின் கூடுதல் வெளியீடுகளாக்குங்கள்.

---

மெஷ்காரர்

ரான்ஸ் தரவிலிருந்து எல்லைப்படலத்தின் விளிம்பை எடுப்பது சொல்வது போல எளிதில்லை. படலம் எங்கே முடிகிறது என்று ரான்ஸ் சொல்லாது; நாம்தான் ஓர் அளவுகோல் வைக்க வேண்டும், பிரிந்த ஓட்டத்தில் அது தடுமாறும். சாய்கோணத்தின் தரவுக்கு எளிய வழி: தீர்வி தந்த மொத்த இழுவையின் மடக்கையைத் தனியொரு வெளியீடாகக் கற்பியுங்கள். மடக்கை என்பதால் எதிர்மறை வரவே வராது, 0.006-இல் வரும் சதவீதப் பிழைக்கும் 0.06-இல் வரும் சதவீதப் பிழைக்கும் பயிற்சியில் ஒரே முக்கியத்துவமும் கிடைக்கும். அழுத்தப் பரவல் ஏற்றுவிசைக்கும் திருப்புவிசைக்கும் இருக்கட்டும்.

---

நெளிவு

இதை உகப்பாக்கத்துக்குப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உகப்பாக்கி உங்கள் சோதனைத் தரவைவிடக் கண்டிப்பான தேர்வாளர். மாதிரி எங்கே பொய் சொல்கிறதோ அந்த இடத்தைத் தேடிப் போய் உட்காரும். என் முதல் முயற்சியில், மேற்பரப்பில் நாணின் பாதிக்குப் பிறகு சிறு சிறு மேடுகளோடு ஒரு வடிவம் வந்தது. மாதிரியின்படி அதற்கு இழுவை அபாரமாகக் குறைவு. ரான்ஸில் போட்டால் ஆரம்ப வடிவத்தைவிட மோசம். பயிற்சியில் மேடு உள்ள வடிவமே இல்லை.

இப்போது வடிவத்தைக் குல்ஃபான் முறையில் சில கெழுக்களுக்குள் அடக்குகிறேன். ஐந்து நெட்வொர்க்குகளைத் தனித்தனியே பயிற்றி, அவை ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில் உகப்பாக்கிக்குத் தண்டம் வைக்கிறேன். சில சுற்றுகளுக்கு ஒருமுறை நடப்பு வடிவத்தை ரான்ஸில் ஓட்டி, விடையைப் பயிற்சியில் சேர்க்கிறேன். மெதுவான வழிதான். ஆனால் கடைசியில் கிடைக்கும் வடிவம் ரான்ஸிலும் நிற்கிறது.

---

சாய்கோணம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்தவற்றைச் சொல்கிறேன்.

கொசைன் இடைவெளி, வில் நீளம், பேனல் விடையிலிருந்து வித்தியாசம், மடக்கை இழுவை என நான்கையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். வடிவத்தின்படி பிரித்த சோதனையில் அழுத்தப் பிழை மறுபடி 3 சதவீதத்துக்குக் கீழே வந்தது. அதிகம் உதவியது பேனல் வித்தியாசம். இழுவையில் இப்போது எதிர்மறை இல்லை. 10 பாகை வரை வடிவங்களின் இழுவை வரிசையும் சரியாக இருக்கிறது.

எதிர்பாராத ஒரு பயன். அழுத்தத்தையும் உராய்வையும் தொகையிட்டு வரும் இழுவையை நான் எறிந்துவிடவில்லை. மடக்கை வெளியீடு சொல்லும் இழுவையோடு அதை ஒப்பிடுகிறேன். புள்ளிகளைத் திருத்திய பிறகு இரண்டும் பெரும்பாலும் அருகருகே வருகின்றன. பெரிதாக விலகும் இடங்களில் ரான்ஸை ஓட்டினால், பின்விளிம்புக்கு முன்பே உராய்வுக் கெழு சுழியத்தைக் கடந்து எதிர்மறையாகியிருக்கிறது. ஓட்டம் பிரிந்துவிட்டது. மாதிரிக்கு அது தெரியவில்லை. இரண்டு விடைகளின் சண்டை அதைக் காட்டிக்கொடுக்கிறது.

புரியாத மூன்று வடிவங்கள் மிச்சம். மூன்றும் 18 சதவீதத் தடிமன், 9 பாகைக்குள்ளேயே இரண்டு இழுவைகளும் விலகுகின்றன. ஆனால் ரான்ஸில் பிரிதல் இல்லை.

---

மெஷ்காரர்

அந்த மூன்றுக்கும் பின்விளிம்பு கூராக முடிகிறதா, மொட்டையா? மற்ற வடிவங்களும் அதே மாதிரிதானா? நாகா சூத்திரத்தின் பழைய கெழுக்களை அப்படியே போட்டால் பின்விளிம்பு மூடாது. தடிமன் கூடக் கூட அந்த இடைவெளியும் கூடும். அந்தச் சிறு செங்குத்துப் பரப்பை உங்கள் 200 புள்ளிகள் பார்க்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஆயத்தொலைவுகளை இங்கே இடுங்கள். நானும் என் மெஷ்ஷில் ஓட்டிப் பார்க்கிறேன்.